வரவெல்லாம் வருமானம் ஆகுமா?
மருத்துவக் காப்பீட்டிற்கு உழவர் குடும்பம் கணக்குக் காட்டும் முறை

‘உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது’ என்பது நம் நாட்டுப் பழமொழி. இதனைச் சலிப்பின் சொல்லாகவே நாம் கேட்டுப் பழகியிருக்கிறோம். ஆயினும் இதனுள் ஒரு கணக்குப் பாடம் அடங்கியிருக்கிறது. களத்திற்கு வந்து சேர்ந்த மொத்த விளைவு ஒன்று. கொடுக்க வேண்டியவர்களுக்கெல்லாம் கொடுத்தபின் எஞ்சும் உழக்கு வேறொன்று. முன்னது வரவு, பின்னது வருமானம். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதால், அரசின் மருத்துவ உதவிக்கு முற்றிலும் உரிய குடும்பமும் அதனை இழக்க நேரிடலாம். ஆதலின், இவ்வேறுபாட்டை உழவர்களும் ஊராட்சி உறுப்பினர்களும் ஐயமின்றி அறிந்துகொள்ளுதல் இன்றியமையாததாகும்.

பந்தல்குடிப் பகுதியை எடுத்துக்கொள்வோம். அருப்புக்கோட்டை வட்டத்தில், மதுரையிலிருந்து தூத்துக்குடி செல்லும் நெடுஞ்சாலையில் இவ்வூர் அமைந்திருக்கிறது. இங்கிருந்து திருச்சுழி வரை பரந்து கிடப்பது பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. வடகிழக்குப் பருவமழையை நம்பிப் பருத்தியும், சோளமும், கம்பும், குதிரைவாலியும், பயறு வகைகளும் விதைக்கப்படுகின்றன. மழை ஒரு வாரம் பிந்தினாலும் கணக்கு மாறிவிடும். ஆகவே இங்குள்ள குடும்பம் ஒரே தொழிலை நம்பி வாழ்வதில்லை. புஞ்சையில் சிறிது, ஆட்டில் சிறிது, கூலியில் சிறிது, அருப்புக்கோட்டை விசைத்தறியிலோ நூற்பாலையிலோ வேலை செய்யும் ஒருவரின் சம்பளத்தில் சிறிது என்று நாலு வாய்க்காலில் வரும் நீரைக் கொண்டே குடும்பம் நடைபெறுகிறது. இத்தகைய குடும்பத்தைப் பார்த்து ‘உங்கள் ஆண்டு வருமானம் எவ்வளவு?’ என்று கேட்டால், உடனே விடை கூறுதல் எளிதன்று.

திட்டம் கேட்பது என்ன?

தமிழ்நாட்டில் 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. பின்னர் 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. 2018 செப்டம்பரில் இது ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்துடன் இணைக்கப்பட்டு, குடும்பம் ஒன்றுக்கு ஆண்டொன்றுக்கு ரூ. 5 லட்சம் வரை சிகிச்சை பெறும் வழி ஏற்பட்டது. இதய அறுவைச் சிகிச்சை, புற்றுநோய்ச் சிகிச்சை, சிறுநீரக நோயாளிகளுக்கான இரத்தச் சுத்திகரிப்பு முதலிய பெருஞ்செலவுச் சிகிச்சைகள் இதில் அடங்கும்.

தொடக்கத்தில் குடும்பத்தின் ஆண்டு வருமான வரம்பு ரூ. 72,000 ஆக இருந்தது. 2022 ஜனவரியில் திட்டம் நீட்டிக்கப்பட்டபோது இவ்வரம்பு ரூ. 1,20,000 ஆக உயர்த்தப்பட்டது. இப்பாடத்தில் நாம் இத்தொகையையே அளவுகோலாகக் கொள்கிறோம். மனு எழுதுவோர், அந்நாளில் நடப்பிலுள்ள வரம்பினை அலுவலகத்தில் கேட்டறிந்துகொள்வது நலம்.

மனுவிற்குக் குடும்ப அட்டை, ஆதார் அட்டை, வருமானச் சான்று ஆகியவை வேண்டும். வருமானச் சான்று கிராம நிர்வாக அலுவலரிடமோ வருவாய்த் துறையின் பிற அலுவலரிடமோ பெறப்படுவது. ‘ஆண்டு வருமானம்’ என்று ஒரே தொகை அதில் எழுதப்படுகிறது. அத்தொகை எவ்வாறு வந்தது, எந்தச் செலவு கழிக்கப்பட்டது என்ற விவரம் அவ்வொரு வரியில் தெரியாது. எனவே விசாரணையின்போது உழவர் என்ன கூறுகிறார், எதனைக் காட்டுகிறார் என்பது பெரிதும் முக்கியமாகிறது. பருத்தி விற்ற சீட்டை மட்டும் நீட்டினால், சீட்டிலுள்ள தொகையே வருமானமாகத் தோன்றும். செலவுக் குறிப்பையும் உடன் வைத்தால், எஞ்சியது எவ்வளவு என்பது விளங்கும்.

செலவைக் கழித்துப் பார்ப்பது சலுகையா?

அன்று. வேளாண் வருமானத்தைச் செலவு கழித்தே கணக்கிடுவது அரசுகளின் பழைய வழக்கமாகும். 1955ஆம் ஆண்டில் சென்னை இராஜ்ஜியத்தில் தோட்டப் பயிர்களின் வருமானத்திற்கு வரி விதிக்கச் சட்டம் இயற்றப்பட்டபோது, சாகுபடிச் செலவுகளைக் கழித்து எஞ்சியதே வரிக்குரிய வருமானம் எனக் கொள்ளப்பட்டது. வரி வாங்கும்போது ஏற்கப்பட்ட நியாயம், உதவி வழங்கும்போதும் பொருந்துவதே முறை.

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2018 ஜூலை முதல் 2019 ஜூன் வரையிலான விவசாய ஆண்டிற்கு உழவர் குடும்பங்களின் நிலையை ஆராய்ந்தது. கையிலிருந்து கொடுத்த செலவுகளைக் கழித்தபின், இந்திய உழவர் குடும்பம் ஒன்றின் சராசரி மாத வருமானம் ரூ. 10,218 என்று அது கண்டது. இதில் கூலியாலும் சம்பளத்தாலும் வந்தது ரூ. 4,063, பயிரால் வந்தது ரூ. 3,798, கால்நடையால் வந்தது ரூ. 1,582, எஞ்சியது சிறு தொழிலாலும் நிலக் குத்தகையாலும் வந்தது. 12 மாதங்களுக்குப் பெருக்கினால் ரூ. 1,22,616 ஆகும். நம் மாநிலத் திட்டத்தின் வரம்பாகிய ரூ. 1,20,000க்கு இது எவ்வளவு அருகில் நிற்கிறது என்பதை நோக்குக. சராசரிக் குடும்பமே வரப்பின்மேல் நிற்கும்போது, செலவைக் கழிப்பதும் கழிக்காமல் விடுவதும் அதனை இப்புறமோ அப்புறமோ தள்ளிவிடக்கூடியவை.

கழிக்கத்தக்கவை

வருமானத்தை ஈட்டுவதற்காகவே செய்யப்பட்ட செலவு கழிக்கத்தக்கது என்பதே அடிப்படை நியதி. இதன்படி பின்வருவனவற்றைக் கணக்கில் எழுதலாம்.

1. டிராக்டர் அல்லது ஏர் உழவின் வாடகை.

2. விதை, உரம், எரு ஆகியவற்றின் விலை. ஆட்டுக்கிடை அமர்த்தியதற்குக் கொடுத்த தொகை.

3. விதைப்பு, களையெடுப்பு, மருந்து தெளிப்பு, பருத்தி எடுப்பு, அறுவடை ஆகியவற்றிற்குப் பிறருக்குக் கொடுத்த கூலி. கூலியைத் தானியமாக அளந்திருந்தால் அதன் விலை.

4. சாக்கு, வண்டி வாடகை, எடைக்கூலி, தரகு, மகமை. கடைக்காரர் இவற்றைப் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் கொடுத்தார் என்றால், மறுமுறை கழித்தலாகாது.

5. குத்தகை நிலமாயின் குத்தகைத் தொகை. வாரத்திற்கு உழுதால், நிலக்காரருக்குச் சென்ற பங்கு உழுதவரின் வருமானத்தில் சேராது.

6. சாகுபடிக்காக வாங்கிய கடனுக்குச் செலுத்திய வட்டி.

7. கருவிகளின் ஆண்டுத் தேய்மானம். ரூ. 5,000 கொடுத்து வாங்கிய தெளிப்பான் 5 ஆண்டுகள் உழைக்குமாயின், ஓர் ஆண்டின் பங்கு ரூ. 1,000 மட்டுமே.

கழிக்கத்தகாதவை

இப்பகுதியில்தான் மயக்கம் மிகுதி. செலவு பெரிதாயிருப்பதால் மட்டும் அது கழிக்கத்தக்கதாகிவிடாது. வீட்டுச் சாமான், பிள்ளைகளின் படிப்பு, திருமணம், கோயில் கொடை, வீட்டுக்கூரை வேய்தல் ஆகியவை வருமானத்தைக் கொண்டு நாம் நடத்தும் வாழ்க்கைச் செலவுகள். அவை வருமானத்தை உண்டாக்கிய செலவுகள் அல்ல.

கடனைப் பற்றித் தனியே கூற வேண்டும். நகையை அடகு வைத்துப் பெற்ற ரூ. 50,000 கையில் வந்தாலும் அது வருமானம் அன்று; திருப்பித் தர வேண்டிய பணம். அவ்வாறே அந்த ரூ. 50,000ஐத் திருப்பிச் செலுத்தும்போது அது செலவும் அன்று. வட்டி மட்டுமே செலவு. அதுவும் கடன் சாகுபடிக்கு வாங்கப்பட்டதாயின். திருமணத்திற்கு வாங்கிய கடனின் வட்டியைப் பருத்திக் கணக்கில் ஏற்றுவது நேர்மையாகாது.

குடும்பத்தினரின் சொந்த உழைப்பு எவ்வாறு கருதப்படும்? வேளாண் விளைபொருள்களுக்கு ஆதரவு விலையைப் பரிந்துரைக்கும் செலவு மற்றும் விலை ஆணையம், உழைப்பின் மதிப்பையும் ஒரு செலவாகச் சேர்த்துக் காட்டுவதுண்டு. விளைபொருளுக்கு நியாய விலை கேட்கும்போது அது சரியான முறை. ஆனால் குடும்ப வருமானத்தை அறியும்போது அதனைக் கழித்தலாகாது. மனைவியும் கணவரும் தம் புஞ்சையில் களையெடுத்த உழைப்பின் பயன் அக்குடும்பத்திற்கே வந்து சேர்கிறது. அதுவே அவர்களுடைய வருமானம்.

இதற்கு மாறாக, சேர்க்க வேண்டியவற்றை மறத்தலும் கூடாது. வீட்டிற்கென நிறுத்திக்கொண்ட குதிரைவாலி மூட்டையும், விற்ற ஆட்டின் விலையும், பெண்கள் ஈட்டிய கூலியும் வருமானத்தைச் சேர்ந்தவையே. ஆலைச் சம்பளத்தில் பிடிக்கப்படும் வருங்கால வைப்பு நிதியும் பின்னர் அவருக்கே திரும்பி வரும் சேமிப்பு. ஆதலால் அதனைச் செலவெனச் சொல்லுதல் பொருந்தாது.

ஒரு மாதிரிக் கணக்கு

விளக்கத்திற்காக நாமே அமைத்துக்கொண்ட கணக்கு ஒன்றைக் காண்போம். பந்தல்குடிப் பக்கத்தில் 4 ஏக்கர் மானாவாரிப் புஞ்சையுள்ள குடும்பம் என்று வைத்துக்கொள்க.

வரவு: பருத்தி 14 குவிண்டால், குவிண்டால் ரூ. 7,000 வீதம் ரூ. 98,000. குதிரைவாலி 5 குவிண்டால், வீட்டுக்கு நிறுத்தியதும் உட்பட, ரூ. 3,000 வீதம் ரூ. 15,000. ஆடு விற்றது ரூ. 21,000. பிறர் புஞ்சையில் 60 நாட்கள் செய்த வேலைக்குக் கூலி ரூ. 400 வீதம் ரூ. 24,000. ஆக மொத்த வரவு ரூ. 1,58,000.

செலவு: உழவு ரூ. 10,000, விதை ரூ. 6,000, உரமும் எருவும் ரூ. 12,000; களையெடுப்புக் கூலி ரூ. 16,000, மருந்தும் தெளிப்பும் ரூ. 6,000, பருத்தி எடுப்புக் கூலி ரூ. 14,000, சாக்கு, வண்டி, தரகு ரூ. 4,000. ஆகச் சாகுபடிச் செலவு ரூ. 68,000. ஆட்டுக்குத் தீவனமும் மருந்தும் ரூ. 4,000. ஆக மொத்தச் செலவு ரூ. 72,000.

வரவிலிருந்து செலவைக் கழித்தால் ரூ. 86,000 எஞ்சும். இதுவே அக்குடும்பத்தின் ஆண்டு வருமானம். வரவை மட்டும் பார்த்தால் வரம்பினும் ரூ. 38,000 மிகுதி, வருமானத்தைப் பார்த்தால் வரம்பினும் ரூ. 34,000 குறைவு. அதே குடும்பம், அதே புஞ்சை, அதே மழை. கணக்கு எழுதும் முறை ஒன்றே வேறு. அவ்வாண்டில் வீட்டில் ஒருவருக்கு இதய அறுவை வேண்டியிருந்தால், இவ்வேறுபாடு புஞ்சையை விற்பதா, காப்பதா என்பதையே முடிவு செய்துவிடும்.

அதே குடும்பம் மகளின் கல்லூரிக்கு ரூ. 30,000 கட்டியிருக்கலாம். வருந்தத்தக்க சுமைதான், எனினும் ரூ. 86,000 என்பது ரூ. 56,000 ஆகிவிடாது என்பதையும் நினைவிற் கொள்க.

குடும்பம் என்பது யார்?

வருமானத்தைக் கூட்டுமுன் யாருடைய வருமானம் என்று தெளிதல் வேண்டும். இத்திட்டத்தில் குடும்பம் என்பது கணவன், மனைவி, பிள்ளைகள், அவரைச் சார்ந்து வாழும் பெற்றோர் ஆகியோரைக் குறிக்கும். பிள்ளைகள் வேலைக்குச் செல்லும் வரை, அல்லது மணமாகும் வரை, அல்லது 25 வயது நிறையும் வரை, இவற்றுள் எது முந்தியதோ அதுவரை சேர்க்கப்படுவர். உறுப்பினர் பெயர் குடும்ப அட்டையில் இருத்தலும் அவசியம். மணமாகித் தனிக்குடித்தனம் போன மகனின் பெயர் பழைய அட்டையிலேயே நீடித்தால், அவருடைய சம்பளமும் இக்குடும்பத்தின் வருமானமாகத் தோன்றலாம். அவருடைய மனைவி மக்களுக்கும் தனி உரிமை கிட்டாது. ஆகவே அட்டையை அவ்வப்போது திருத்திக்கொள்ளுதல் கணக்கின் முதற்படியாகும்.

பிற நாட்டு வழக்கம்

அமெரிக்காவில் 1965ஆம் ஆண்டில் ஏழைகளுக்கான அரசு மருத்துவ உதவித் திட்டம் சட்டமாயிற்று. அங்கு வருமான வரம்பு குடும்பத்தின் தலை எண்ணிக்கையைப் பொறுத்து உயரும். முதியோரும் உடற்குறையுடையோரும் வேலை செய்து ஈட்டினால், ஊதியத்தின் ஒரு பகுதியைக் கணக்கில் சேர்க்காமல் விடும் முறையும் உண்டு. வேலை செய்பவர் அதனாலேயே உதவியை இழக்கலாகாது என்பதே இதன் கருத்து. மேலும் அந்நாட்டின் சில மாநிலங்களில், வருமானம் வரம்பைத் தாண்டினும், மருத்துவச் செலவைக் கழித்தபின் குறிப்பிட்ட அளவிற்குக் கீழே வருவோரும் உதவிக்கு உரியவராகின்றனர்.

நம் திட்டத்தின் வரம்பு 2 பேர் உள்ள வீட்டிற்கும் 7 பேர் உள்ள வீட்டிற்கும் ஒன்றே. நோய்க்காக ஏற்கனவே செலவழித்த தொகையைக் கழிக்கும் வழியும் இல்லை. ஆண்டு வருமானம் ரூ. 1,30,000 உள்ள வீட்டில், மருந்துக்கே ரூ. 40,000 போகுமானால், அவ்வீடு ரூ. 90,000 வருமானமுள்ள வீட்டைக் காட்டிலும் வசதியானது என்று சொல்ல இயலுமா? இது எண்ணிப் பார்க்கத்தக்க கேள்வி. கிராம சபைகள் இதனை ஆராய்ந்து தீர்மான வடிவில் அரசிற்குத் தெரிவிப்பது பயனுடையது என்று நாம் கருதுகிறோம்.

வருமானம் கேட்கப்படாத இடங்கள்

வருமானச் சான்று இல்லையே என்று நோயாளியை வீட்டில் வைத்திருத்தல் பெரும் பிழை. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அரசு மருத்துவமனையிலும் சிகிச்சை பெறச் சான்று வேண்டுவதில்லை. விருதுநகரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இயங்குகிறது. சாலை விபத்தில் காயமுற்றோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்டது. அதிலும் வருமான வரம்பு இல்லை. நெடுஞ்சாலையோரத்து ஊர்கள் இதனை நன்கு அறிந்திருத்தல் வேண்டும். மேலும் 2011ஆம் ஆண்டுச் சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பின்படி, நிலமற்ற கூலிக் குடும்பம், உழைக்கும் வயதினர் இல்லாத குடும்பம் போன்றவை ஆயுஷ்மான் பாரத் திட்டத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டன. அப்பட்டியலில் பெயர் உள்ளதா எனப் பார்த்துக்கொள்வதும் நன்று.

ஊராட்சியின் பணி

சான்று வழங்கும் அதிகாரம் வருவாய்த் துறையைச் சேர்ந்தது. ஊராட்சி அதில் தலையிடுவதற்கில்லை. ஆனால் மக்களைக் கணக்குடன் அனுப்புவது ஊராட்சியால் இயலும் பணி. இதற்குப் பெரும் பொருள் வேண்டா. ஒவ்வொரு குடும்பமும் ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தில் இடப்பக்கம் வரவும் வலப்பக்கம் செலவும் எழுதி வந்தால் போதும். பசலி ஆண்டு ஜூலை 1இல் தொடங்கி ஜூன் 30இல் முடிகிறது. ஐப்பசி விதைப்பும் அதன் அறுவடையும் அந்த ஓராண்டிற்குள்ளேயே அடங்கிவிடுவதால், நம் கணக்கிற்கும் அதுவே ஏற்றது. பருத்தி விற்ற சீட்டு, உரக்கடைச் சீட்டு, டிராக்டர்காரர் எழுதிக் கொடுத்த துண்டு, கூட்டுறவுச் சங்க வட்டி ரசீது ஆகியவற்றை ஒரு பையிலிட்டுக் காக்க வேண்டும். கூலிக்குச் சீட்டு இராது. நாளும் ஆட்களின் எண்ணிக்கையும் எழுதி வைத்தால் போதும். அடங்கலில் பயிரும் பரப்பும் பதிவாகியிருப்பதால், நோட்டும் அடங்கலும் ஒத்திருப்பது நம்பிக்கையை வளர்க்கும்.

எழுதத் தெரியாத குடும்பங்களுக்கு, பள்ளி முடித்த இளைஞர்களும் மகளிர் சுய உதவிக் குழுவினரும் மாதம் ஒருமுறை எழுதித் தரலாம். கிராம சபை கூடும் நாட்களில், காப்பீட்டு அட்டை இல்லாத வீடுகள் எவை என்று கேட்டு ஒரு பட்டியல் எடுக்கலாம். நோய் வந்தபின் சான்றுக்கு ஓடுவதிலும், நோயில்லாத நாளில் அட்டை பெற்று வைப்பதே அறிவுடைமை.

இறுதியாக ஒன்று. கணக்கைக் குறைத்துக் காட்டுவதற்கு இப்பாடத்தைப் பயன்படுத்துதல் கூடாது. தகுதியற்றவர் பொய்க் கணக்கால் பெறும் உதவி, தகுதியுள்ளவரின் மெய்க் கணக்கின்மேலும் ஐயத்தை உண்டாக்கும். களத்து மேட்டில் மரக்காலால் அளக்கும்போது தலைதட்டி அளப்பதுபோல, வரவையும் செலவையும் கூட்டாமல் குறைக்காமல் எழுதுக. அப்போது மிஞ்சும் உழக்கு எவ்வளவோ, அதுவே நம் வருமானம்.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

1. ஒருவர் 2 ஏக்கரை வாரத்திற்கு உழுது 10 மூட்டை சோளம் எடுத்தார். நிலக்காரருக்கு 4 மூட்டை அளந்தார். அவருடைய வரவில் எத்தனை மூட்டை சேரும்?

2. கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடனாக ரூ. 40,000 பெற்று, அசலும் ரூ. 1,500 வட்டியும் செலுத்தினால், செலவுக் கணக்கில் எழுதத்தக்க தொகை எவ்வளவு?

3. சொந்தப் புஞ்சையில் மனைவி 20 நாட்கள் களையெடுத்தார். அயலார் புஞ்சையில் 20 நாட்கள் கூலிக்குச் சென்றார். இவ்விரண்டும் குடும்பக் கணக்கில் எவ்வாறு இடம்பெறும்?

4. உங்கள் ஊராட்சியில் காப்பீட்டு அட்டை இல்லாத குடும்பங்கள் எத்தனை? அவற்றுள் வருமானம் மிகுதியால் பெறாதவை எத்தனை, கணக்குக் காட்டாததால் பெறாதவை எத்தனை?

முதல் 3 வினாக்களுக்கும் இப்பாடத்திலேயே விடை உண்டு. நான்காவதற்கு விடை காண ஊரைத்தான் சுற்றி வர வேண்டும்.